கையெழுத்து யார் போடுவது?

கொல்லிமலையிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும். "வக்கீலம்மா, இதுல கையெழுத்து யாருங்க போடறது?" மலைமேல் செம்மேட்டு ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடக்கும் பெண்ணைச் சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருப்பார்கள், புருஷன் குடகுக்கு மிளகு பறிக்கப் போயிருப்பான். இல்லையென்றால் வெளியூர் வேலையில் அப்பன் இறந்து நஷ்டஈடு வந்திருக்கும். வாங்கவேண்டிய பிள்ளைக்கு ஏழு வயது. இல்லையென்றால் மனநிலை சரியில்லாத தம்பியைக் கொட்டகையில் பூட்டிவிட்டு, பூட்டியது சரியா தப்பா என்று தெரியாமல் அண்ணன் நிற்பான். தனக்காகத் தானே பேச முடியாத ஒருவர் இருக்கிறார், இன்றைக்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், எடுக்கும் உரிமை யாருக்கு என்பது தெரியவில்லை. என் வேலை அங்கே ஆரம்பிக்கிறது.

நான் நாமக்கல்லில் வழக்கறிஞர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் சொல்கிறது. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் அத்தனை பேருக்கும் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் உரிமை மலைமேல், கோர்ட்டு மலைக்குக் கீழே. நடுவில் காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரி நேரத்தில் ஒரு நோயாளியையோ கைக்குழந்தையையோ தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் இறங்குவது என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். அதனால் எந்த விஷயம் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, இதை முடிவு செய்யக்கூடிய ஆள் மலைமேலேயே யாராவது இருக்கிறாரா என்பதைத்தான். பல நேரம் இருக்கிறார். அவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்பது வீட்டாருக்குத் தெரிவதில்லை. சில நேரம் அவருக்கே தெரிவதில்லை.

ஆஸ்பத்திரிக் கேள்விக்குப் பதில் சுலபம். உயிர் போகிற நிலையில் சிகிச்சைக்குக் கார்டியன் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். எந்த மருத்துவரும் உயிர் காக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 1989-இல் பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சம்மதம் கேட்க முடியாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் குற்றமாகாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 92-ஆம் பிரிவு இருந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 30-ஆம் பிரிவு. போனிலேயே இதைச் சொல்லிவிட்டு, "முதல்ல வண்டியில ஏத்துங்க, தாள் பின்னால வரும்" என்பேன். சிக்கல் எல்லாம் உயிர் தப்பிய பிறகுதான். அடுத்த வாரம் அந்த ஆளை யார் பார்த்துக்கொள்வது, அவர் பணத்தை யார் எடுப்பது, அவர் காட்டை யார் குத்தகைக்கு விடுவது என்று கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும்.

இங்கேதான் வீட்டார் கேட்பதும் நான் செய்வதும் பிரிகின்றன. அவர்களுக்கு ஒரே தாளில் எல்லா அதிகாரமும் வேண்டும். "ஒரேடியா எம் பேருக்கு எழுதி வாங்கிக் குடுத்துருங்க வக்கீலம்மா, சும்மா சும்மா கீழ எறங்கி வர முடியாதுங்க." அந்தக் கஷ்டம் உண்மையானது. ஆனாலும் நான் கேட்பது எப்போதும் இருப்பதிலேயே சின்ன அதிகாரத்தை. எதற்கு வேண்டுமோ அதற்கு மட்டும், எவ்வளவு நாளைக்கு வேண்டுமோ அவ்வளவு நாளைக்கு. அவசரத்தில் வாங்கிய முழு அதிகாரம் என்ன செய்யும் என்பதற்கு இந்த மலையிலேயே சாட்சி இருக்கிறது.

2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தை விலை பேசும் ஒலிப்பதிவு ஒன்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பல வருடங்களாக இதைச் செய்துவருவதாக அவரே அதில் பேசியிருந்தார். கைதானவர்களில் கொல்லிமலையில் வேலை பார்த்த அரசு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரும் இருந்தார். வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது. மலையில் பிறந்த பிள்ளைகளின் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு சுகாதாரத் துறையினர் வீடு வீடாகப் பிள்ளையைக் காட்டச் சொன்னார்கள். அந்த நாட்களில் எல்லோரும் பெற்றவளைத் திட்டினார்கள். எனக்கு அந்தத் திட்டில் உடன்பாடு இல்லை. ஐந்தாவது பிள்ளையைப் பெற்றுவிட்டு ரத்தமில்லாமல் படுத்திருப்பவளிடம், "நல்ல எடத்துல வளரும்மா, இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து போதும்" என்று நிதானமாகப் பேச ஒருவர் வருகிறார். வேறு வழி இருக்கிறது என்று சொல்ல அந்த நேரத்தில் வேறு யாருமே வருவதில்லை.

வழி இருக்கிறது. பிள்ளையை வளர்க்க முடியாத தாய் அதைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைத்த பிறகும் மனம் மாறுவதற்கு 2 மாதம் அவகாசம் தருகிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அந்த 2 மாதத்துக்குள் வந்து கேட்டால் பிள்ளை அவளுடையது. தரகர் கொண்டுவரும் 20 ரூபாய்ப் பத்திரத்தில் அந்த அவகாசம் இல்லை. அது தத்துப் பத்திரமும் ஆகாது. பிள்ளையை விற்பதும் வாங்குவதும் அதே சட்டத்தின் 81-ஆம் பிரிவில் குற்றம், 5 வருடம் வரை கடுங்காவல். ஆஸ்பத்திரி ஆட்களே செய்தால் 3 வருடத்துக்குக் குறையாமல் 7 வருடம் வரை. பெண் சிசுக்களைக் காக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். அன்றைக்குக் கொல்லிமலையும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அப்படியிருந்தும் பத்திரத்தோடு வருகிறவர்கள் இன்னும் முன்னால் வந்துவிடுகிறார்கள்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். பிரசவம் முடிந்து மூன்றாம் நாள் தாய் இறந்துவிட்டாள். தகப்பன் குடகு எஸ்டேட்டில், போன் எட்டவில்லை. வீட்டில் கைக்குழந்தை, மூன்று வயது அக்காள், அவர்களோடு அம்மாயி. காரியம் முடிவதற்குள் ஒரு கார் வந்து நின்றது. பிள்ளையில்லாத தம்பதி, கூடவே பேசி முடிக்க ஒருவர், கையில் பத்திரம். அம்மாயி கைநாட்டு வைத்தால் போதும் என்றார்கள். அங்கன்வாடிப் பணியாளர் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போட்டுவிட்டு எனக்கும் போட்டார். அவருக்குத்தான் அந்தப் பிள்ளை கடமைப்பட்டிருக்கிறது.

நான் அம்மாயியிடம் போனில் பேசினேன். "ஏனுங்க வக்கீலம்மா, எம் பொண்ணு பெத்ததுக்கு நான் கைநாட்டு வெக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டார். "வெக்கக் கூடாதுங்கம்மாயி. உங்களுக்கும் அந்த உரிமை இல்லீங்க, அவங்களுக்கும் வாங்கற உரிமை இல்லீங்க. அப்பன் உசுரோட இருக்கறாரு. அவரு வர்ற வரைக்கும் புள்ளைய நீங்க வெச்சிருக்கலாம். அதுக்கு ஒரு உத்தரவு நான் வாங்கித் தரனுங்க." கார் கிளம்பிப் போய்விட்டது என்று கொஞ்ச நேரத்தில் அங்கன்வாடியம்மா சொன்னார்.

பராமரிப்பு தேவைப்படும் குழந்தையை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். பயண நேரம் போக என்ற அந்த மூன்று வார்த்தைகள் மலைக்காரர்களுக்குப் பெரிய தயவு. குழுவில் ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குற்றவியல் நடுவருக்குள்ள அதிகாரம் குழுவுக்கு உண்டு. குழு கூடாத நாளில் தனி உறுப்பினர் ஒருவர் முன்பே குழந்தையைக் காட்டி, காப்பகத்திலோ தகுதியுள்ள ஒருவரிடமோ தற்காலிகமாக ஒப்படைக்கும் உத்தரவை வாங்கலாம். அன்றைக்கு வாங்கியது அப்படிப்பட்ட உத்தரவுதான். குழந்தைகளின் சித்தி பக்கத்து ஊரில் இருந்தாள். அவளுக்கும் கைக்குழந்தை, பால் கொடுக்க முடியும். தகப்பன் வரும்வரை, அல்லது குழுவின் அடுத்த உத்தரவு வரும்வரை, இரண்டு பிள்ளைகளும் அவளிடம் இருக்கலாம் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார் அந்த உறுப்பினர். காப்பகத்துக்கு அனுப்பியிருந்தால் மூன்று வயதுக்காரி ஓரிடம், கைக்குழந்தை வேறிடம் என்று பிரிந்திருக்கவும் கூடும். 15 நாளில் சமூக விசாரணை முடிய வேண்டும், முதல் ஆஜரிலிருந்து 4 மாதத்துக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும். இந்த வழக்கில் அவ்வளவு நாள் தேவைப்படவில்லை. தகப்பன் வந்தார், விசாரணை முடிந்தது, பிள்ளைகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். சித்தி கையிலிருந்த உத்தரவு அன்றோடு காலாவதி. அப்படிக் காலாவதியாவதற்காகவே எழுதப்பட்ட உத்தரவு அது.

தாய் தகப்பன் இருவருமே இல்லையென்றால் கதை நீளும். 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது. சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே அது எழுதியிருக்கிறது. அதே ஆண்டின் தத்தெடுப்புச் சட்டமும் அப்படித்தான். சமவெளியில் பழகிய வழக்கறிஞர்கள் பலர் இதைக் கவனிக்காமல் மனுவில் தப்பான சட்டத்தைப் போட்டுக் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறேன். மலையில் யாரிடம் பிள்ளை வளரவேண்டும் என்பதை ஊர்க் கவுண்டரும் பங்காளிகளும் தாய்மாமனும் உட்கார்ந்து பேசித் தீர்மானிப்பார்கள். அந்தத் தீர்மானத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. பெரும்பாலும் அந்தப் பிள்ளை ஏற்கெனவே எந்த வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அந்த வீட்டைத்தான் சொல்வார்கள். ஆனால் வங்கி மேலாளர் ஊர்க் கவுண்டர் சொல்லை ஏற்க மாட்டார். நாமக்கல் மாவட்ட நீதிமன்றத்தில் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி மனுப் போட வேண்டும். முடிய மாதக்கணக்காகும். அதுவரை பிள்ளை சாப்பிட வேண்டுமே? அதற்காகத்தான் அந்தச் சட்டத்தில் 12-ஆம் பிரிவு இருக்கிறது: மைனரின் உடலையும் உடைமையையும் காக்க இடைக்கால உத்தரவு. நஷ்டஈட்டுப் பணத்தைப் பிள்ளை பெயரில் 18 வயது வரை வைப்பாகப் போடச் சொல்லி, வட்டியை மட்டும் தாய்மாமன் எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்பேன். உறவினர் வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவு நிதி உண்டு. அதற்கும் மனுவைக் கையோடு எழுதிவிடுவேன். முதல் தொகையைத் தொடாமல் இருக்கவேண்டுமென்றால் வீட்டில் அரிசி இருக்க வேண்டும்.

பெரியவர்கள் விஷயத்தில் மனத்தை அதிகம் அலைக்கழிப்பது மனநோய். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியாமல் இறந்தவர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-ஆம் பிரிவில் எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்கிறது. அந்த வரியை நான் எப்போது படித்தாலும் ஏர்வாடிதான் நினைவுக்கு வரும்.

மலையில் கொட்டகையில் கட்டியிருந்த ஒருவரைப் பற்றித் தகவல் வந்தபோது நானும் கிராம நிர்வாக அலுவலரும் போனோம். மாட்டுச் சங்கிலி, கணுக்காலில். சங்கிலிக்கும் காலுக்கும் நடுவே பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருந்தார்கள். புண்ணாகாமல் இருக்க அம்மா சுற்றியது. அந்தத் துணியைப் பார்த்த பிறகு அந்த வீட்டாரைக் கொடுமைக்காரர்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ராத்திரி எழுந்து காட்டுக்குள் போய்விடுகிறான், ஒருமுறை பள்ளத்தில் விழுந்து கிடந்தான் என்றார் அம்மா. வேறு என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் இப்படிப்பட்ட நேரத்துக்கு 94-ஆம் பிரிவை வைத்திருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து இருக்கும் நிலையில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம். மனநல மருத்துவர்தான் வேண்டும் என்றில்லை. மலைமேல் இருக்கும் அரசு மருத்துவரே போதும். சிகிச்சை விஷயத்தில் நோயாளிக்காகப் பேசும் நியமனப் பிரதிநிதி இருந்தால் அவர் சம்மதம் வாங்க வேண்டும். மின்னதிர்ச்சி கூடாது. 72 மணி நேரத்துக்குள் மனநலப் பிரிவுள்ள ஆஸ்பத்திரியில் பரிசோதனை நடக்க வேண்டும். தெருவில் அலைகிறவராக இருந்தால் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்று 100-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுக்குள்ளேயே ஒருவர் கொடுமைக்கு ஆளானால் போலீஸ் மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அவர் பரிசோதனைக்காக 10 நாள் வரை சேர்க்க உத்தரவிடலாம். எல்லாமே மணிக்கணக்கு, நாள்கணக்கு. நடமாடும் சுதந்திரத்தை ஒருவரிடமிருந்து எடுக்கிறோம் என்ற கூச்சம் அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் தெரிகிறது. எனக்கு இந்தச் சட்டம் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

கொட்டகையில் கட்டியிருந்த அவர் சேலம் அரசு மருத்துவமனையில் இருந்த முதல் வாரங்களில் அவருடைய அண்ணன்தான் பிரதிநிதியாக இருந்தார். பிறகு ஒரு நாள் அந்த அண்ணன் என்னிடம் வந்தார். "ரெண்டு பேரு பேர்லயும் இருக்கற காட்டுல மிளகுக் கொடியைக் குத்தகைக்குப் பேசியிருக்கறனுங்க. நான்தானுங்களே கார்டியனு? தம்பிக்கும் சேத்து நானே கையெழுத்துப் போட்டுரட்டுங்களா?" ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் கேட்டார் என்று நம்புகிறேன். ஆனாலும் முடியாது என்றேன். நியமனப் பிரதிநிதிக்குச் சிகிச்சையைப் பற்றிப் பேசத்தான் உரிமை. சொத்தில் ஒரு மிளகைக்கூட அவர் தொட முடியாது. மருந்து பிடித்துத் தம்பி தெளிந்த பிறகு, இனிமேல் தனக்கு யார் பிரதிநிதி என்று அவரையே கேட்டோம். வெறும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மூத்த அக்காள் பேரைச் சொன்னார். அண்ணனுக்கு முகம் வாடியது. "கட்டிப்போட்டது நாந்தானுங்களே" என்று அவரே சொல்லிக்கொண்டார். குத்தகையை அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து, தம்பி தன் கையாலேயே கையெழுத்துப் போட்டு, அடுத்த பருவத்துக்கு விட்டார்கள்.

தெளியாதவர்களுடைய சொத்து என்ன ஆகும்? 1987-ஆம் ஆண்டின் பழைய மனநலச் சட்டத்தில் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் மேலாளரை நியமிக்க ஓர் அத்தியாயமே இருந்தது. 2017-இன் புதிய சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள், பதிலாக எதையும் வைக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 14-ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்ட காப்பாளர் என்று ஒன்றைத் தருகிறது: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, சம்பந்தப்பட்டவரோடு சேர்ந்து முடிவெடுக்கும் ஒருவர். கோமாவில் இருப்பவர் யாரோடும் சேர்ந்து முடிவெடுக்க முடியாது. அவர்களுக்கு உயர் நீதிமன்றம்தான் கதி. 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு வழிமுறை வகுத்தது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி அமர்வு, கோமாவிலிருந்த ஒருவருக்கு அவர் மனைவியையே காப்பாளராக நியமித்தது. சிவில் கோர்ட்டுக்குப் போ என்று அதற்கு முன் ஒரு தனி நீதிபதி அனுப்பியிருந்தார். சொத்தை விற்க அனுமதி கொடுத்த அமர்வு, அதில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே வைப்பாகப் போடச் சொன்னது. இந்த நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் செம்மேட்டிலிருந்து சென்னைக்குப் போய் ரிட் போட எத்தனை பேரால் முடியும்? மாவட்ட நீதிமன்றத்திலேயே இது முடிகிற மாதிரி ஒரு சட்டம் வேண்டும் என்று வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கு மட்டும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் மாவட்டத்திலேயே வழி வைத்திருக்கிறது. ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் கொண்ட உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். கோர்ட்டு வேண்டாம், வக்கீல்கூட வேண்டாம். ஆனால் குழு கூடும்வரை காத்திருக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்த, அறிவுசார் குறைபாடு உள்ள பெண்ணொருத்தி, தன்னைப் பார்த்துக்கொண்ட அம்மா இறந்ததும் தனியாக நின்றாள். பங்காளி ஒருவர் அவளைப் பின்கட்டில் தள்ளிவிட்டு வீட்டில் குடியேறிவிட்டார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் நிர்வாக நடுவரிடம் மனுக் கொடுத்தோம். வட்டாட்சியருக்கு அந்த அதிகாரம் உண்டு, அவர் அலுவலகமோ செம்மேட்டிலேயே இருக்கிறது. கீழே இறங்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் வீட்டில் அவளே இருக்க, கூட அக்காள் மகன் குடும்பம் தங்க உத்தரவு வந்தது. உள்ளூர்க் குழு பிறகு கூடி அவனைக் காப்பாளராக்கியது.

காப்பாளரானவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும். அவனும் நானும் காட்டைச் சுற்றி எழுதினோம். சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள், பலா மூன்று, மலைவாழை ஒரு வரிசை, ஆடு இரண்டு. ஆடுகளுக்கு அவள் பேர் வைத்திருந்தாள். பட்டியலில் அந்தப் பேர்களையும் எழுதச் சொன்னாள், எழுதினோம்.

ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு காட்ட வேண்டும். மலையில் மிளகு அறுவடை ஜனவரியில் தொடங்கி மார்ச் வாக்கில் முடிகிறது, அதனால் வருடத்தின் பெரிய வரவு கடைசியில்தான் வரும். இந்த வருடக் கணக்கை அவன் கொண்டுவந்து காட்டினான். அவளுக்கு எடுத்த சேலை, மருந்து, உதவித்தொகை எல்லாம் தேதிவாரியாக எழுதியிருக்கிறான். மிளகு வாங்கிய வியாபாரி கொடுத்த துண்டுச் சீட்டில் எடை இருக்கிறது, விலை இல்லை. விலை போட்டு, வியாபாரி கையெழுத்தோடு வேறு சீட்டு வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஜூன் முடிவதற்குள் கணக்கை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும்.